கணினிக் கோளாறால் அணு ஆயுதப் போர் மூளும் அபாயம் உண்மையில் ஏற்பட்டதுண்டா?

ஆம், ஏற்பட்டதுண்டு. 1979 நவம்பர் 9 அன்று, அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் செயென் மலைக்குள் இயங்கிய வட அமெரிக்க வான் பாதுகாப்பு மையத்தின் திரைகளில், சோவியத் ஒன்றியம் பெருமளவில் ஏவுகணைகளை ஏவிவிட்டதாகத் தெரிந்தது. பயிற்சிக்காக உருவாக்கிய தாக்குதல் தரவுகள் நடைமுறை எச்சரிக்கை அமைப்புக்குள் புகுந்ததே காரணம். போர் விமானங்கள் வானில் ஏறின. அதிபருக்கான அவசரகாலக் கட்டளை விமானமும் அவர் இல்லாமலேயே புறப்பட்டது. செயற்கைக்கோள்களும் ரேடார்களும் நேரடியாகத் தந்த தகவல்களில் ஏவுகணை எதுவும் இல்லை என்பது சில நிமிடங்களில் உறுதியானதால் நிலைமை தணிந்தது.

அடுத்த ஆண்டு ஜூன் 3 அன்று நேர்ந்தது இதைவிடக் கவலைக்குரியது என்பேன். தொடர்பு இணைப்பு இயங்குகிறதா என்று சோதிப்பதற்காக அம்மையம், தாக்குதல் அறிவிப்பின் வடிவிலேயே, ஏவுகணை எண்ணிக்கைக்குரிய இடத்தில் சுழியத்தை இட்டு, இடைவிடாது செய்திகளை அனுப்பிக்கொண்டிருந்தது. ஒரு டாலர்கூடப் பெறாத கணினிச் சில்லு ஒன்று பழுதானதும், சுழியம் இருந்த இடங்களில் 2 என்ற இலக்கம் தோன்றத் தொடங்கியது. குண்டுவீச்சு விமானப் பணியாளர்கள் எஞ்சின்களை இயக்கிவிட்டுக் கட்டளைக்குக் காத்திருந்தனர். மூன்று நாள்களில் அதே பிழை மீண்டும் வந்தது.

பழியைச் சில்லின்மீது மட்டும் சுமத்துவது சரியன்று. சாதாரணச் சோதனைச் செய்திக்கும் தாக்குதல் அறிவிப்புக்கும் ஒரே வடிவத்தைக் கொடுத்த வடிவமைப்பே அடிப்படைத் தவறு. பின்னர் அச்செய்தியின் வடிவம் மாற்றப்பட்டு, இணைப்பின் நிலையை மட்டும் தெரிவிப்பதாக ஆக்கப்பட்டது.