க்ளோயி கிம் ஹாஃப்பைப் ஸ்னோபோர்டிங்கில் இளம் வயதிலேயே முதலிடத்துக்கு உயர்ந்தது எப்படி?

ஹாஃப்பைப் என்பது இருபுறமும் ஏறக்குறைய 7 மீட்டர் உயரத்துக்கு வளைந்தெழும் பனிச்சுவர்களைக் கொண்ட நீண்ட சரிவு. ஸ்னோபோர்டு எனும் பனிச்சறுக்குப் பலகையில் நின்றபடி வீரர் ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவருக்கு மாறிமாறிச் சென்று, ஒவ்வொரு முறையும் விளிம்புக்கு மேலே எழும்பிச் சுழல்வார். கொரியாவிலிருந்து குடியேறிய பெற்றோருக்கு 2000-இல் கலிஃபோர்னியாவில் பிறந்த கிம், 4 வயதில் பலகையில் ஏறினார். 2018 பியோங்சாங் ஒலிம்பிக்கில், 17 வயதில், 98.25 புள்ளிகளுடன் தங்கம் வென்றார்.

வேகத்தை இழக்காமல் காக்கும் திறமையே அவருடைய ஏற்றத்துக்கு அடிப்படை என்பேன். ஊஞ்சலில் நின்று ஆடுபவர் உச்சியில் முழங்காலை மடக்கி, தாழ்வான இடத்தில் நிமிரும்போது ஆட்டம் உயர்வதுபோல, குனிந்து வந்து சுவரின் வளைவில் கால்களை நிமிர்த்துவதால் அடுத்த எழுச்சிக்கு வேகம் கூடுகிறது. தரையிறங்கும்போது பலகையின் ஓரம் சற்றே பிசகினாலும் அந்த வேகம் பனியில் உரசிக் கரைந்துவிடும். ஆகவேதான் 1080 பாகை, அதாவது காற்றில் மூன்று முழுச் சுற்றுகள், அடுத்தடுத்து இருமுறை சுழல்வது அவ்வளவு கடினம். 2016-இல் போட்டியொன்றில் அதை முதன்முதலில் நிறைவேற்றிய பெண் அவரே.

2014 சோச்சி ஒலிம்பிக்கில் அவர் இடம்பெறாததற்குத் திறமைக் குறைவே காரணம் எனச் சிலர் கருதுகின்றனர். உண்மையில் அப்போது 13 வயதே ஆகியிருந்த அவரைக் குறைந்தபட்ச வயது வரம்புதான் தடுத்தது.