எனக்கு பைபோலார் என்று மேடையில் சொல்லலாமா?

கேள்வி: எனக்கு 29 வயது. தனியார் நிறுவனத்தில் கணக்காளராக வேலை பார்க்கிறேன். ஆறு வருடங்களுக்கு முன் எனக்கு பைபோலார் (அதீத உற்சாகமும் கடும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் மனநோய்) என்று சொன்னார்கள். மனநிலையைச் சீராக வைக்கும் லித்தியம் மாத்திரை சாப்பிட்டு வருகிறேன். நான்கு வருடமாக ஒரு பிரச்சினையும் இல்லை. அக்டோபர் 10, உலக மனநல நாளன்று என் அனுபவத்தைப் பேசச் சொல்லி நான் படித்த கல்லூரியில் கூப்பிடுகிறார்கள். எனக்கு ஆசைதான். அம்மாவோ, “வெளியில தெரிஞ்சா உன் தங்கச்சிய யாரு கட்டுவாங்க?” என்று அழுகிறார். மாத்திரையைக்கூட விட்டமின் டப்பாவில் போட்டுத்தான் வைத்திருக்கிறேன். இன்னமும் மாத்திரை சாப்பிடும் நான் குணமாகிவிட்டேன் என்று சொன்னால் பொய்யாகிவிடாதா? மாத்திரையை நிறுத்திவிட்டுப் பேசலாமா? – வாசகி, ஈரோடு

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மாத்திரையை நிறுத்தாதீர்கள். லித்தியத்தைத் திடீரென நிறுத்தினால் சில மாதங்களுக்குள்ளேயே நோய் திரும்பும் ஆபத்து அதிகம். கர்ப்பத்துக்குத் திட்டமிடுவது போன்ற காரணங்களுக்காக மாற்ற வேண்டியிருந்தாலும், அதை உங்கள் மருத்துவரோடு பேசிப் படிப்படியாகத்தான் செய்ய வேண்டும். வேலைக்குப் போகிறீர்கள், நிம்மதியாக இருக்கிறீர்கள், நாலு பேருக்கு உதவ நினைக்கிறீர்கள். மீட்சி என்று நாங்கள் சொல்வது இதைத்தான். மாத்திரையோடு சேர்த்தே அதைத் தாராளமாகச் சொல்லலாம்.

உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தது அந்த விட்டமின் டப்பா. ஒளித்துச் சாப்பிடும் மாத்திரை கல்யாண வீட்டிலும் ஊர்ப் பயணத்திலும் எளிதாகத் தவறிப்போகும். காய்ச்சல், கால்வலி என்று வேறு மருத்துவரிடம் போகும்போது லித்தியத்தைப் பற்றிச் சொல்லவும் கூச்சம் வரும். அவர் தெரியாமல் ஐபுபுரோஃபன், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளை எழுதிக் கொடுத்தால் இரத்தத்தில் லித்தியத்தின் அளவு ஏறிவிடும். கடும் வயிற்றுப்போக்கு, வாந்தியில் உடம்பில் நீர் வற்றினாலும் அப்படித்தான். கை அதிகமாக நடுங்குவது, தள்ளாடுவது, பேச்சு குழறுவது எல்லாம் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அறிகுறிகள். கூட இருப்பவர்களுக்கு விஷயமே தெரியாவிட்டால் யார் கவனிப்பார்கள்? மனநோய் மீதான அவமானம் இப்படித்தான் உடம்பு வரைக்கும் வந்து சேர்கிறது. அதனால் மேடைக்கு முன்னால் வீட்டில் ஆரம்பியுங்கள். மாத்திரை அதன் சொந்த அட்டையிலேயே இருக்கட்டும். லித்தியம் அளவு, தைராய்டு, சிறுநீரகப் பரிசோதனைகளுக்கான தேதிகளும் வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும்.

அம்மா மீது கோபப்படாதீர்கள். மனநோய் என்றால் சங்கிலி என்று பார்த்து வளர்ந்த தலைமுறை அது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகள் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் தப்ப முடியாமல் 28 பேர் இறந்ததை அவர் மறந்திருக்க மாட்டார். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்துவிட்டது என்று சொல்லுங்கள். அடுத்த முறை மருத்துவரிடம் அவரையும் கூட்டிப்போங்கள். உடன்பிறந்தவருக்கு பைபோலார் இருந்தால் மற்றவருக்கும் வரும் வாய்ப்பு ஓரளவு கூடும்தான். ஆனால் பெரும்பாலோருக்கு வருவதில்லை. இதை மருத்துவர் வாயால் கேட்டால் அம்மாவுக்கு ஆறுதலாக இருக்கும். அப்புறம், தங்கையிடமும் கேளுங்கள். அவருக்காகப் பயப்படும் வீட்டில் அவருடைய எண்ணமும் தெரிய வேண்டும்.

சரி, பேசலாமா? பேசலாம். ஆனால் அது உங்கள் கடமை இல்லை. வேண்டாம் என்று தோன்றினால் கடைசி நாளில்கூட விலகிக்கொள்ளலாம். பேசினால் பலன் உண்டு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மனநோயோடு வாழ்பவரை நேரில் சந்திப்பதும் அவர் சொல்லக் கேட்பதும்தான் தவறான எண்ணங்களை மாற்றச் சிறந்த வழி என்று 2022-இல் லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணையத்தின் அறிக்கையும் சொன்னது. நான் ஒரு மணி நேரம் படம் காட்டி விளக்குவதைவிட நீங்கள் பத்து நிமிடம் பேசுவது ஆழமாகப் போய்ச் சேரும். 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி, நம் நாட்டில் பைபோலார் உள்ளவர்களில் சுமார் 70 சதவீதம் பேர் சிகிச்சையில் இல்லை. அந்த அரங்கிலும் அப்படி ஒருவர் உட்கார்ந்திருக்கலாம்.

அலுவலகத்தை யோசித்துவிட்டு முடிவெடுங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 மனநோயையும் உள்ளடக்கியதுதான். இருந்தாலும் சட்டம் இருப்பதாலேயே எல்லா மேலாளர்களும் மாறிவிடவில்லை. வீடியோ எடுக்க வேண்டாம் என்று கல்லூரியிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் போய்விட்டால் திரும்ப வாங்க முடியாது. எதைச் சொல்ல மாட்டேன் என்பதையும் முதலிலேயே தீர்மானித்துக்கொள்ளுங்கள். மாத்திரை பற்றி யாருக்கும் ஆலோசனை தர வேண்டாம். பேசி முடித்ததும் சில மாணவர்கள் அழுதுகொண்டே உங்களிடம் வருவார்கள். அவர்களைத் தனியாகச் சுமக்காதீர்கள். ஓர் ஆலோசகரை அங்கேயே இருக்கச் சொல்லுங்கள். அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸின் எண் 14416-ஐயும் பலகையில் எழுதிவிடுங்கள். இலவசம், தமிழிலும் பேசலாம்.

அன்று கைதட்டலும் பாராட்டும் நிறைய வரும். இரவு ஃபோனைத் தள்ளி வைத்துவிட்டு வழக்கமான நேரத்தில் படுத்துவிடுங்கள். தொடர்ந்து இரண்டு இரவுகள் தூக்கம் குறைந்தும் களைப்பே தெரியாமல் இருந்தால், அது அதீத உற்சாகக் கட்டம் திரும்புவதன் அறிகுறியாக இருக்கலாம்; அடுத்த சந்திப்பு வரை காத்திருக்காமல் உங்கள் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.