டர்பனில் சமூகப் பனிச்சறுக்கு அரங்கம் கட்டக் குளிரறைப் பேனல்களே போதுமா?

புதிதாகக் கட்டப்படும் சமூகப் பனிச்சறுக்கு (ஐஸ் ஸ்கேட்டிங்) அரங்கத்துக்குச் சுவரும் கூரையும் அமைக்க, இரண்டு எஃகுத் தகடுகளுக்கு நடுவே காப்பு நுரை வைத்த பேனல்களின் விலையை அரங்கக் குழுவினர் உங்களிடம் கேட்டிருக்கிறார்கள், குளிரறைகளுக்கு அனுப்பும் சரக்கையே கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதே ஊரில் குளிரறைகளுக்குப் பேனல் வழங்கிவருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: பேனல் அதுவாகவே இருக்கலாம், ஆனால் இணைப்புகளையும் கூரையின் உட்பக்கத்தையும் தனியே திட்டமிட வேண்டும்.

தடிமன் கணக்கில் தீர்ந்துவிடும். 100 மி.மீ. பி.ஐ.ஆர். (பாலிஐசோசயனுரேட்) நுரை தடுக்கும் வெப்பத்தைப் பாலிஸ்டைரீனால் தடுக்க ஏறத்தாழ 160 மி.மீ. தேவைப்படும். தீ அபாயத்தை எண்ணி, குழந்தைகள் கூடும் கட்டடத்துக்கு விலை மலிவு என்பதற்காகப் பாலிஸ்டைரீனை நான் பரிந்துரைக்க மாட்டேன். எதைக் கொடுத்தாலும் தீயில் அது நடந்துகொள்ளும் விதம் எஸ்.ஏ.என்.எஸ். 428 என்ற தென்னாப்பிரிக்கத் தேசியத் தரப்படி சோதிக்கப்பட்டதற்கான சான்றிதழைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

உண்மையான சோதனை ஈரத்தில்தான் இருக்கிறது. குளிர்நாடுகளில், குளிர்காலத்தில், நீராவி அரங்கத்தின் உள்ளிருந்து வெளியே செல்ல முயலும். நம் கடற்கரையிலோ, கோடையில் வெளிக்காற்று 20 பாகை செல்சியஸுக்குக் குளிர்ந்தாலே நீர் படியத் தொடங்கும் அளவுக்கு ஈரமாக இருப்பதால், நீராவி வெளியிலிருந்து உள்ளே புகவே பார்க்கும். ஆகவே கனடாவிலிருந்தோ ஐரோப்பாவிலிருந்தோ வந்த வரைபடத்தை அப்படியே பின்பற்றாதீர்கள். எஃகுத் தகட்டை நீராவி ஊடுருவாது. அது நுழையும் வழிகள் பேனல்களின் மூட்டுகளும், சுவர் கூரையைச் சந்திக்கும் மூலையும், குழாய் செல்லும் துளைகளுமே. இவை அனைத்திலும் வெப்பமான பக்கத்தில், அதாவது வெளிப்புறத்தில், பியூட்டைல் சீலன்ட் (ரப்பர் போன்ற அடைப்புப் பசை) எங்கும் அறுபடாமல் ஓட வேண்டும். ஓரிடத்தில் விட்டுப்போனாலும் உள்ளே சேரும் நீர் திருகுகளை அரித்து, நுரையின் காப்புத் திறனையும் குறைத்துவிடும்.

கூரையைப் பற்றிப் பலர் நினைப்பதே இல்லை. பனித்தளம் சுமார் -5 பாகையில் இருக்கிறது. மேலே உள்ள பரப்பு தன் வெப்பத்தை அதை நோக்கிக் கதிர்வீசிக் கொண்டே இருப்பதால், ஒருபுறம் குளிர்பதன இயந்திரத்தின் சுமை ஏறுகிறது, மறுபுறம் அந்தப் பரப்பே குளிர்ந்து, ஈரம் படிந்து, பனியின் மேல் சொட்டி, சறுக்குபவர் கால் தடுக்கும் மேடுகளை உண்டாக்குகிறது. வழக்கமான வெள்ளை வண்ணத் தகடு கண்ணுக்கு அழகானது, ஆனால் வெப்பத்தைக் கதிராக வீசும் அதன் திறன் (0 முதல் 1 வரையான அளவில்) 0.9-ஐ ஒட்டியது, பளபளக்கும் அலுமினியத் தாளுக்கோ அது 0.1-க்கும் குறைவு. கூரைக்குக் கீழே அத்தகைய தாளைக் கட்டச் சொல்லுங்கள். காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயந்திரமும் வேண்டும். அது உங்கள் பொறுப்பு அல்ல என்றாலும் விலைக் கடிதத்தில் எழுதிவிடுங்கள்.

மின்வெட்டுக் காலங்களை நாம் அனைவரும் கடந்தவர்கள். இயந்திரம் நிற்கும் நேரத்தில் பனியைக் காப்பது இந்தக் கட்டடக்கூடுதான்.

தளத்தில் பேனலை அறுப்பவர்களிடம் கிரைண்டரைப் பயன்படுத்தாதபடி சொல்லுங்கள், ஏனெனில் அதன் தீப்பொறித் துகள்கள் வண்ணப்பூச்சில் பதிந்து, உப்புக்காற்றில் விரைவாகத் துருப்பிடிக்கும். பேனலின் மேல் ஒட்டியிருக்கும் பாதுகாப்புப் படலத்தை, பேனலை நிறுவியவுடன் உரித்துவிட வேண்டும். வெயிலில் விட்டால் பசை கெட்டியாகிப் பிடித்துக்கொள்ளும்.

விலைப்பட்டியலில் பேனலின் சதுர மீட்டர் விலையோடு மூலைத் தகடுகள், சீலன்ட், திருகுகள், துளைகளை அடைக்கும் வேலை ஆகியவற்றைத் தனித்தனி வரிகளாகக் காட்டுங்கள்; குறைந்த தொகை கேட்கும் வேறொருவர் எவற்றை விட்டுவிட்டார் என்பதை அரங்கக் குழுவினர் அப்போது தாமே கண்டுகொள்வார்கள்.