ஆறு டேக்கிளும் ஒரு கோச்சும்

கேள்வி: ரக்பி லீக்கில் ஆடி ஓய்வு பெற்றவர் நேராகத் தலைமைக் கோச் ஆகிவிட முடியுமா?

பதில்: பெரும்பாலும் முடியாது. பின்னாளில் சிட்னியின் பென்ரித் கிளப்புக்குக் கோச்சான இவான் கிளியரியையே பாருங்கள். மேன்லி, நார்த் சிட்னி, ரூஸ்டர்ஸ், நியூசிலாந்து வாரியர்ஸ் என்று நாலு கிளப்புக்கு ஆடியவர். 1998-ல் ரூஸ்டர்ஸுக்காக ஒரே சீசனில் 284 புள்ளிகள் எடுத்தார். அன்றைக்கு அது சாதனை. அவ்வளவு பெயர் எடுத்திருந்தும், 2002-ல் ஓய்வு பெற்றதும் போய்ச் சேர்ந்தது ரூஸ்டர்ஸின் இரண்டாம் அணிக்குக் கோச்சாக. 2005-ல் வாரியர்ஸில் உதவிக் கோச், 2006-ல்தான் தலைமைக் கோச். 2011-ல் அந்த அணியை ஆஸ்திரேலிய ரக்பி லீக்கின் இறுதிப்போட்டிவரை கொண்டுபோனார்; மேன்லியிடம் 24-10 எனத் தோற்றார்கள்.

கேள்வி: கிளியரி ஃபுல்பேக்காக ஆடியது கோச் வேலைக்கு உதவுமா?

பதில்: நிச்சயம் உதவும். தடுப்பு வரிசைக்குப் பின்னால் தனியாக நிற்பவர் ஃபுல்பேக். எந்தப் பக்கம் ஆள் குறைகிறது என்பது முதலில் அவர் கண்ணில்தான் படும். குரல் கொடுத்து வரிசையை நகர்த்துவதும் அவர்தான்.

கேள்வி: பென்ரித் 2021 முதல் 2024 வரை தொடர்ந்து நாலு முறை கோப்பையை வென்றதே, கிளியரி அப்படி என்னதான் செய்தார்?

பதில்: இந்த ஆட்டத்தின் உயிர் ஆறு டேக்கிளில் இருக்கிறது. டேக்கிள் என்றால் பந்தோடு ஓடுபவரைப் பிடித்து நிறுத்துவது. ஆறாவது முறை பிடிபட்டால் பந்து எதிரணிக்கு. அதனால் ஐந்து முறை பிடிபட்டதுமே உதைத்துவிடுவார்கள். ஒவ்வொரு முறையும் பிடிபட்டவர் எழுந்து, பந்தைத் தரையில் வைத்துக் காலால் பின்னுக்கு உருட்ட வேண்டும். எதிரே நிற்கும் இரண்டு பேரைத் தவிர மற்ற தடுப்பாளர்கள் 10 மீட்டர் பின்வாங்க வேண்டும். எல்லாம் அந்த ஓரிரு நொடியில்தான். முதுகு தரையில் பட மல்லாந்து விழுந்தால் எழுவதற்குள் வரிசை கட்டிவிடுவார்கள். முழங்காலும் முழங்கையும் ஊன்றிக் குப்புற விழுந்தால் சட்டென்று எழலாம். பின்வாங்கிக்கொண்டிருக்கும் தடுப்புக்குள் அடுத்தவர் புகுந்துவிடுவார்.

உதையிலும் கணக்கு உண்டு. பந்து எதிரணியின் கோட்டுக்கு அருகே மூலையில் இறங்க வேண்டும், துரத்துபவர்கள் ஒரே வரிசையில் போக வேண்டும். கொஞ்சம் நீண்டு கடைசிக் கோட்டைத் தாண்டிவிட்டால் எதிரணிக்கு 20 மீட்டரில் பந்து, அதுவும் ஏழு டேக்கிள்! பென்ரித் இந்தச் சலிப்பூட்டும் வேலையைச் சலிக்காமல் செய்தது. எனக்கு அதுதான் அழகு.

2023 இறுதிப்போட்டியில் பிரிஸ்பேன் 24-8 என்று முன்னிலை. மிச்சம் இருபது நிமிடம் சொச்சம். இவானின் மகன் நேதன் கிளியரி தடுப்பை உடைத்து ஓட, மோசஸ் லியோட்டா டிரை போட்டார், அதாவது பந்தை எதிரணியின் கோட்டுக்கு அப்பால் தரையில் வைத்துப் புள்ளி எடுத்தார். அடுத்து நேதன் உதைத்தது ஒரு 40/20: தன் 40 மீட்டர் கோட்டுக்குள்ளிருந்து உதைத்த பந்து, உள்ளே குதித்து, எதிரணியின் 20 மீட்டருக்குள் வெளியே போனால் பந்து மறுபடி உங்களுக்கே. அதிலிருந்து ஸ்டீஃபன் கிரைட்டனின் டிரை. கடைசியில் நேதனே ஓடி ஒரு டிரை போட்டார். பென்ரித்துக்கு 26-24 வெற்றி.

கேள்வி: வென்ற அணியை அப்படியே வைத்துக்கொள்ள முடியாதா?

பதில்: ஒரு கிளப் வீரர்களுக்கு மொத்தமாக இவ்வளவுதான் தரலாம் என்ற சம்பள உச்சவரம்பு விடாது. கிக்காவ், கொரோய்சாவ், கிரைட்டன், லுவாய், ஃபிஷர்-ஹாரிஸ் என்று வரிசையாகப் போய்விட்டார்கள். மேற்கு சிட்னியில் கிளப்பே வளர்க்கும் பையன்கள்தான் அந்த இடங்களை நிரப்புகிறார்கள். 2025-ல் அரையிறுதியில் பிரிஸ்பேனிடம் 16-14 எனத் தோற்றதோடு அந்தத் தொடர் வெற்றி முடிந்தது.

கேள்வி: மகன் என்பதால்தான் நேதனுக்கு அணியில் இடம் கிடைத்ததா?

பதில்: இல்லை. தந்தையை பென்ரித் 2015-லேயே நீக்கிவிட்டது. நேதன் முதல் ஆட்டம் ஆடியது 2016-ல், ஆண்டனி கிரிஃபின் கோச்சாக இருந்தபோது. இவான் நடுவில் வெஸ்ட்ஸ் டைகர்ஸுக்குப் போய், 2019 சீசனுக்குத்தான் பென்ரித் திரும்பினார். அதற்குள் மகன் நியூ சவுத் வேல்ஸ் மாநில அணிக்கே ஆடியிருந்தார்.