சொந்த போர்வெல் இருக்கிறது, சொத்து வரி எதற்கு?

வரிகள் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில்.

எங்கள் வீட்டில் போர்வெல், ஆர்.ஓ., இன்வெர்ட்டர் எல்லாமே சொந்தச் செலவு. குப்பை எடுக்கக்கூட மாதாமாதம் ஆளுக்குப் பணம் கொடுக்கிறோம். மாநகராட்சியிடமிருந்து எதுவும் வாங்காத நாங்கள் ஏன் சொத்து வரி கட்ட வேண்டும்?
– வாசகர், தாம்பரம்

நீங்கள் சொன்னதெல்லாம் காம்பவுண்டுச் சுவருக்கு உள்ளே இருப்பவை. சுவருக்கு வெளியே இருப்பதை யாரும் தனியாக வாங்க முடியாது. அதற்குத்தான் வரி.

கொசுவையே எடுத்துக்கொள்ளுங்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, தேங்கிய நல்ல தண்ணீரில்தான் பெருகும். முட்டை கொசுவாக 7 முதல் 10 நாள் போதும். பாத்திர விளிம்பில் ஒட்டிய முட்டை, தண்ணீர் வற்றினாலும் மாதக்கணக்கில் சாகாமல் கிடந்து அடுத்த மழையில் பொரிக்கும். நீங்கள் சம்ப்பை மூடி, பூந்தொட்டித் தட்டைக் கவிழ்த்து, ஃபிரிட்ஜின் பின்தட்டைக்கூடத் துடைத்து வைக்கலாம். நாலு வீடு தள்ளிப் பூட்டிக்கிடக்கும் வீட்டு மாடியில் ஒரு பழைய டயர் இருந்தால் அத்தனையும் வீண். அந்த வீட்டைத் திறக்கச் சொல்ல உங்களுக்கு அதிகாரம் இல்லை. சுகாதார அலுவலருக்கு உண்டு. டார்ச் லைட்டோடு வீடு வீடாக வரும் கொசு ஒழிப்புப் பணியாளர் வாரம் தவறாமல் வர வேண்டியதும் இந்த 7 நாள் கணக்கால்தான். இரண்டு வாரம் விட்டுப்போனால் ஒரு தலைமுறைக் கொசு பறந்துவிடும். புகை அடிப்பது பறக்கும் கொசுவைத்தான் கொல்லும், தொட்டியில் நெளியும் புழுவை ஒன்றும் செய்யாது. ஆகவே புகை வண்டி வந்ததா என்று கேட்பதைவிட, தொட்டியைத் திறந்து பார்க்க ஆள் வந்தாரா என்று கேளுங்கள்.

அடுத்து தண்ணீர். உங்கள் போர்வெல்லுக்கு வரும் நிலத்தடி நீர், பக்கத்து வீட்டு செப்டிக் டேங்க் கசியும் அதே மண்ணில்தான் ஓடுகிறது. உங்கள் வீட்டில் வேலை செய்பவரும், தெருமுனை டீக்கடைக்காரரும், குழந்தையின் பள்ளித் தோழர்களும் குடிப்பது குழாய்த் தண்ணீர். அதில் கிருமியைக் கொல்ல, ஒரு லட்சம் லிட்டர் மேல்நிலைத் தொட்டிக்கு ஏறக்குறைய அரைக் கிலோ பிளீச்சிங் பவுடர் போதும். அதை அப்படியே கொட்டக் கூடாது. வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்த பிறகு தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்றி, அரை மணி நேரம் கழித்துத்தான் திறந்துவிட வேண்டும். தெருவின் கடைசி வீட்டுக் குழாயிலும் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும்.

இதில் தப்பு நடக்கும் இடங்கள் தெரிந்தவைதான். மூட்டையைத் திறந்து போட்டால் ஈரம் பட்டுப் பவுடரின் வீரியம் போய்விடும். ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் விடும்போது, காலியான குழாய் சுற்றியுள்ள சாக்கடை நீரை விரிசல் வழியே இழுத்துக்கொள்ளும். இணைப்பில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சினால் அந்த இழுப்பு இன்னும் கூடும். மஞ்சள் காமாலை அந்தத் தெருவுக்கே வரும். பவுடர் விலை அதிகமில்லை. தினமும் தொட்டி மேல் ஏறுபவருக்கும், கடைசிக் குழாயில் சோதித்துப் பார்ப்பவருக்கும், விரிசலைத் தோண்டி அடைப்பவருக்கும் மாதச் சம்பளம் வேண்டும். அது வரியும் குடிநீர்க் கட்டணமும் சேர்ந்த பணம்.

மழைநீர் வடிகாலும் இப்படித்தான். ஒவ்வொருவரும் அவரவர் வீட்டை உயர்த்திக்கொண்டால் தண்ணீர் எதிர்வீட்டுக்குப் போகும், ஆற்றுக்குப் போகாது.

சொத்து வரியோடு நூலக வரி என்றும் வாங்குகிறார்கள். எங்கள் வீட்டில் யாரும் நூலகம் போவதில்லையே?
– வாசகி, கும்பகோணம்

இது நூலக அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் போன்றோர் பாடுபட்டுக் கொண்டுவந்த 1948ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டத்தின்படி வாங்கப்படுவது. இன்று சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு. மாநகராட்சி இதை வசூல் மட்டும்தான் செய்கிறது. மாவட்ட நூலக ஆணைக்குழுவிடம் கட்டிவிட வேண்டும். ரோடு போடவோ சம்பளம் கொடுக்கவோ இந்தப் பணத்தைத் தொடக் கூடாது. உள்ளாட்சி நிலுவை வைத்தால் ஊர் நூலகத்தில் புதுப் புத்தகமும் நாளிதழும் குறையும். காலையில் உங்கள் ஊர்க் கிளை நூலகத்துக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். டிஎன்பிஎஸ்சி தேர்வுக்குப் படிக்க மேசையும் மின்விசிறியும் வீட்டில் இல்லாத பிள்ளைகள் அங்கே உட்கார்ந்திருப்பார்கள். நாளைக்கு வி.ஏ.ஓ.வாகவோ சர்வேயராகவோ உங்கள் பட்டாவைக் கையில் எடுக்கப்போவது அவர்களில் ஒருவராக இருக்கலாம். நன்றாகப் படித்துவிட்டு வரட்டும்.

நான் வாடகை வீட்டில் இருக்கும் பனியன் கம்பெனித் தொழிலாளி. வருமான வரி கட்டுவதில்லை. வரி கட்டாத நான் வசதி கேட்டால் 'நீ என்ன கட்டுறே?' என்கிறார்கள்.
– வாசகர், திருப்பூர்

நீங்கள் தினமும் கட்டுகிறீர்கள். 299 ரூபாய்க்கு செல்போன் ரீசார்ஜ் செய்தால் அதில் 45 ரூபாய் 61 காசு ஜி.எஸ்.டி. அது சரிபாதியாக மத்திய அரசுக்கும் மாநில அரசுக்கும் போகிறது. பெட்ரோலில் கலால் வரியும் வாட் வரியும் உண்டு. வீட்டுக்காரர் கட்டும் சொத்து வரியும் உங்கள் வாடகைக்குள்தான் இருக்கிறது. 108 ஆம்புலன்ஸ், அரசு மருத்துவமனைப் பிரசவ வார்டு, பள்ளியின் காலை உணவு எதுவும் உங்களுக்குத் தருமம் இல்லை. உரிமையோடு கேளுங்கள்.

சொத்து வரியை எப்போது கட்டினால் லாபம்? எதைக் கவனிக்க வேண்டும்?
– வாசகர், மதுரை

ஆண்டுக்கு இரண்டு அரையாண்டு: ஏப்ரல்–செப்டம்பர், அக்டோபர்–மார்ச். அரையாண்டு தொடங்கிய 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை, அதிகபட்சம் 5,000 ரூபாய். தாமதித்தால் மாதம் 1 சதவீதம் வட்டி ஏறும்.

ரசீதில் வரி விதிப்பு எண், கட்டடப் பரப்பு, குடியிருப்பா வணிகமா என்ற மூன்றையும் சரிபாருங்கள். மாடியில் கடையை மூடிவிட்டு வீடாக்கியிருந்தும் வணிகக் கணக்கிலேயே பல ஆண்டுகள் கட்டுவோர் உண்டு. மனு கொடுத்து மாற்றுங்கள். வீடு வாங்கியவர்கள் அடிக்கடி செய்யும் தவறு, பட்டா மாறினால் வரியும் தானே பெயர் மாறிவிடும் என்று நினைப்பது. பட்டா வருவாய்த் துறை, சொத்து வரி உள்ளாட்சி, மின் இணைப்பு மின்வாரியம். மூன்று இடத்திலும் தனித்தனியே பெயர் மாற்றம் செய்ய வேண்டும். வாங்கும் முன் பழைய நிலுவை இருக்கிறதா என்றும் பாருங்கள். விட்டுவிட்டால் அது உங்கள் தலையில் விழும்.

எங்கள் தெருவில் விளக்கே எரிவதில்லை. சரிசெய்யும்வரை வரி கட்ட மாட்டோம் என்று தெருவாசிகள் சொல்கிறார்கள். சரியா?
– வாசகி, கடலூர்

உங்கள் கோபம் நியாயமானது, வழிதான் தவறு. வட்டி ஏறுவது ஒருபக்கம். மத்திய அரசின் பணத்தை எப்படிப் பகிர்வது என்று பரிந்துரைக்கும் நிதிக்குழுக்களில் 15ஆவது, 2021–26க்கு நகரங்களுக்கான மானியத்தையே சொத்து வரி வசூல் வளர்வதோடு முடிச்சுப் போட்டது. வசூல் குறைந்தால் வெளியிலிருந்து வர வேண்டிய பணமும் நின்றுபோகலாம்; இருட்டு கூடத்தான் செய்யும்.

வரி ரசீதை வைத்துக்கொண்டு கேளுங்கள். முதலில் கம்பத்து எண்ணைக் குறித்து மாநகராட்சியில் புகார் கொடுத்துப் புகார் எண் வாங்குங்கள். முதல்வரின் 1100 உதவி எண்ணிலும் பதியலாம். கிராம ஊராட்சி என்றால் ஆண்டுக்கு 6 கிராம சபை கூடுகிறது. வரவு செலவை அங்கே நேருக்கு நேர் கேட்கலாம்.

நடக்கவில்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில், 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிப் பொதுத் தகவல் அலுவலருக்கு மனு அனுப்புங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். 'ஏன் விளக்கு எரியவில்லை?' என்று எழுதாதீர்கள். காரணம் சொல்ல இந்தச் சட்டம் அவர்களைக் கட்டாயப்படுத்தாது, ஆவணம் கேட்டால் கொடுத்தாக வேண்டும். வார்டு எண், ஆண்டு குறிப்பிட்டு, தெருவிளக்குப் பராமரிப்புக்கு ஒதுக்கிய தொகை, செலவான தொகை, ஒப்பந்த நகல், எம்-புக் எனப்படும் அளவைப் புத்தகப் பக்கங்களின் நகல் என்று கேளுங்கள். அந்தப் புத்தகத்தில் எந்த வேலை எவ்வளவு முடிந்தது என்று பதிந்துதான் ஒப்பந்ததாரருக்குப் பணம் போகும். அந்த நகலோடு ஒரு நாள் இரவு 7 மணிக்குத் தெருவாசிகள் சேர்ந்து நடந்து, காகிதத்தில் இருக்கும் விளக்குகளையும் எரியும் விளக்குகளையும் எண்ணுங்கள். குறைகிற எண்ணிக்கையை எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போட்டு, ஆணையருக்கும் வார்டு கவுன்சிலருக்கும் கொடுங்கள்.