நச்சுவாயு பயம்: வாசகர் கேள்விகளும் டாக்டரின் பதில்களும்

தினமும் மெட்ரோவில் வேலைக்குப் போகிறேன். யாராவது விஷவாயுவைப் பரப்பினால் ஒருவரும் பிழைக்க முடியாது என்று வாட்ஸ்அப்பில் வந்தது. உண்மையா?

இல்லை. 1995 மார்ச் 20, திங்கள் காலை. டோக்கியோவில் ஓம் ஷின்ரிக்கியோ மதக்குழுவினர் கூட்டம் நிரம்பிய 5 ரயில்களில் சாரின் என்ற நரம்பு நச்சைக் கசியவிட்டார்கள். பாதிக்கப்பட்டவர்கள் 5,000-க்கும் மேல். இறந்தவர்கள் 14 பேர். அதில் ஒருவர் 25 ஆண்டு படுக்கையில் கிடந்து 2020-இல் இறந்தார். அந்தக் குடும்பங்களின் துயரத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் மிகப் பெரும்பாலோர் பிழைத்தார்கள் என்பதும் உங்களுக்குத் தெரிய வேண்டும்.

அப்படி நடந்தால் முதலில் என்ன செய்வது?

அந்த இடத்தை விட்டு வெளியே, காற்று வரும் பக்கம் போங்கள். கிடக்கும் பொட்டலத்தையோ ஈரத்தையோ தொடாதீர்கள். டோக்கியோவின் கஸுமிகசேகி நிலையத்தில் ரயில் பெட்டிக்குள் கசிந்து கிடந்ததை ஊழியர்கள் சுத்தம் செய்தார்கள். கடமை என்று நினைத்துச் செய்த அந்த வேலை இருவரின் உயிரைக் குடித்தது.

அடுத்து உடை. இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். செயின்ட் லூக்ஸ் மருத்துவமனைக்கு அன்று ஒரே நாளில் 640 பேர் வந்தார்கள். ‘எரிவாயு வெடிப்பு’ என்றுதான் முதல் தகவல். அதனால் போட்டிருந்த துணியோடே உள்ளே படுக்க வைத்தார்கள்; இடம் போதாமல் காற்றோட்டம் குறைந்த தேவாலயத்திலும் கிடத்தினார்கள். துணியிலிருந்து கிளம்பிய ஆவி சிகிச்சை கொடுத்தவர்களையே பிடித்தது. பிறகு விசாரித்தபோது 472 ஊழியர்களில் 110 பேர் தங்களுக்கும் அறிகுறி இருந்ததாகச் சொன்னார்கள். எனவே மேலுடையைக் கழற்றிவிடுங்கள். பனியன், டி-ஷர்ட்டைத் தலை வழியாக இழுக்காமல் கத்தரியுங்கள். நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். அந்த நேரத்தில் கூச்சம் பார்க்காதீர்கள்.

நம்மூர் டாக்டர்களுக்கு இதெல்லாம் தெரியுமா?

நீங்கள் நினைப்பதைவிட அதிகம் தெரியும். வயலுக்கு அடிக்கும் ஆர்கனோபாஸ்பேட் பூச்சிமருந்தும் சாரினும் உடம்பில் முடக்குவது ஒரே நொதியைத்தான். பூச்சிமருந்து குடித்தவரைத் தூக்கி வருவார்கள்: வாயில் நுரை, உடம்பெல்லாம் வியர்வை, இமையைத் தூக்கி டார்ச் அடித்தால் கண்மணி குண்டூசி முனையளவு சுருங்கியிருக்கும். நம் அரசு மருத்துவமனைகளில் இளம் டாக்டர்கள்கூட அதைப் பார்த்ததும் அட்ரோபின் என்ற மாற்று மருந்தைக் கையில் எடுப்பார்கள். டோக்கியோவிலும் கண்மணிதான் காட்டிக்கொடுத்தது. அதற்கு முந்தைய ஆண்டு மட்சுமோட்டோ நகரில் இதே மாதிரி நோயாளிகளைப் பார்த்திருந்த ஒரு டாக்டர், டிவி செய்தியைப் பார்த்துவிட்டு செயின்ட் லூக்ஸைத் தொடர்புகொண்டு ‘இது சாரின் போலிருக்கிறது’ என்றார்.

முந்தைய ஆண்டே நடந்தது என்றால் ஏன் தடுக்கவில்லை?

எனக்கு ஆறாத கேள்வி இது. 1994 ஜூன் 27 இரவு மட்சுமோட்டோவில் அதே குழு சாரினைப் பரப்பி 7 பேரைக் கொன்றது. போலீஸ் சந்தேகப்பட்டது யாரை? ஆம்புலன்ஸைக் கூப்பிட்ட பக்கத்து வீட்டுக்காரரை. பத்திரிகைகளும் அவரைக் குற்றவாளியாக்கின. அன்று நினைவிழந்த அவர் மனைவி, கண் விழிக்காமலே 2008-இல் இறந்து 8-வது பலியானார். டோக்கியோ தாக்குதலுக்கு முன்பே, குழுவின் ஆலை இருந்த கமிகுயிஷிகி கிராமத்தில் மக்கள் துர்நாற்றம் என்று புகார் செய்தார்கள். அங்கே மண்ணில் சாரின் தடயம் கிடைத்தது 1995 புத்தாண்டன்று செய்தித்தாளிலேயே வந்தது. சாரின் தயாரிப்பதைத் தடை செய்யும் தனிச் சட்டம் ஜப்பானில் வந்ததோ ஏப்ரலில், டோக்கியோவுக்குப் பிறகு. துண்டு துண்டாகத் தகவல் இருந்தது, சேர்த்துப் பார்த்து நடவடிக்கை எடுக்க ஆளில்லை. கிராமத்தார் புகாரை ஒரு அதிகாரி கடைசிவரை விரட்டியிருந்தால் என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

ஆந்த்ராக்ஸ் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டுமா?

ஆந்த்ராக்ஸ் வாயு அல்ல, பாக்டீரியாவால் வரும் நோய். சளி, இருமல் மாதிரி பரவாது. 2001-இல் அமெரிக்காவில் தபாலில் வந்த ஆந்த்ராக்ஸ் தூளால் 22 பேருக்கு நோய் வந்து 5 பேர் இறந்தார்கள். உறைக்குள்ளிருந்து தூள் கொட்டினால் உதறாதீர்கள், முகராதீர்கள். அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்து, கையை சோப்பு போட்டுக் கழுவி, போலீசுக்குச் சொல்லுங்கள்.

முன்னெச்சரிக்கையாக அட்ரோபினும் ஆன்டிபயாடிக்கும் வீட்டில் வாங்கி வைக்கலாமா?

வேண்டாம். நச்சு ஏறாத உடம்பில் அட்ரோபினே நச்சு: இதயம் படபடக்கும், புத்தி தடுமாறும். 112, 108 இரண்டையும் குழந்தைகளுக்கு மனப்பாடம் செய்து கொடுங்கள்.