பதில்: அம்மாவின் மருந்துப் பணத்தைத் தவக்கால உண்டியலில் போடலாமா?

போட வேண்டாம். ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலத்தில் அந்தப் பணத்தைக் கோயில் உண்டியலில் போடுவதாக வாக்குக் கொடுத்துவிட்டேன் என்று நீங்கள் எழுதியிருந்தாலும் சரி. மாற்கு நற்செய்தி 7-ஆம் அதிகாரத்தில் இயேசு கடிந்துகொள்வது இதைத்தான்: பெற்றோருக்குச் சேர வேண்டியதைக் 'கொர்பான்', அதாவது கடவுளுக்கான காணிக்கை, என்று சொல்லிக் கைகழுவுவதை.

குழப்பம் எங்கே வந்தது என்றால், ஒறுத்தலையும் (நமக்குப் பிடித்ததை நாமே விட்டுவிடுவது) காணிக்கையையும் நீங்கள் தனித்தனிக் கணக்காக வைத்திருக்கிறீர்கள். உண்ணாமல் மிச்சமானது பசித்தவனுக்குப் போக வேண்டும். பழைய ஏற்பாட்டில் எசாயா நூலின் 58-ஆம் அதிகாரம் கேட்பது அதுதான். தவக்கால வெள்ளிக்கிழமை கறி கூடாது, மீன் கூடும் என்பது சபையின் சட்டம். கறியை விட்டுவிட்டு, கடலூர் முதுநகரில் பெரிய வஞ்சிரமாகப் பார்த்து வாங்கி வறுத்துத் தின்றால் அந்தச் சட்டம் மீறப்படவில்லை. ஆனால் மிச்சமும் இல்லை! (நானும் பல வருடம் அப்படித்தான்.)

ஒன்று செய்து பாருங்கள். நாற்பது நாள் உங்கள் சாயங்கால டீயையும் வடையையும் மட்டும் விடுங்கள். நாளுக்கு 25 ரூபாய் என்றால் 1,000 ரூபாய். அதைத் தனி டப்பாவில் போட்டு வையுங்கள். அப்புறம் கேட்டுக்கொள்ளுங்கள்: இதனால் குறைந்துபோனது யாருக்கு, எனக்கா, அம்மாவுக்கா? அம்மாவுக்கு என்றால் அது உங்கள் ஒறுத்தல் இல்லை, அவருடையது.

இன்னொன்று. அம்மாவும் சேர்ந்து பட்டினி இருக்கிறார் என்கிறீர்கள். கத்தோலிக்க விதிப்படி கட்டாய நோன்பு, தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதன், பெரிய வெள்ளி இரண்டு நாள்தான். 60 வயதானவருக்கு அதுவும் இல்லை. சர்க்கரை மாத்திரை போடுகிறவர் வெறும் வயிற்றில் இருப்பது ஆபத்து, டாக்டரைக் கேளுங்கள். கொடுத்த வாக்கை என்ன செய்வது என்பதைப் பங்குத்தந்தையிடம் நேரில் பேசுங்கள், அதை நான் தீர்க்க முடியாது.